நீலம் அடித்தால் அறை குளிருமா? கறுப்புப் பை ஏன் கனமாகத் தெரிகிறது?

பாளை_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மேற்குப் பார்த்த அறை ஒன்று இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மதியம் மூன்று மணிக்கு மேல் அதற்குள் உட்கார முடியாது. ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவள் புத்தகம் எல்லாம் அங்கேதான். இப்போது பெயிண்ட் அடிக்க ஆள் பேசியிருக்கிறோம். உள்ளே இருப்பது ஒரு மாதிரி காவி கலந்த ஆரஞ்சு. "இளநீலம் அடிங்கம்மா, ஏசி போட்ட மாதிரி இருக்கும்" என்கிறார் பெயிண்டர் அண்ணாச்சி. "நிறத்துக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறார் வீட்டுக்காரர். நிறத்தை மாற்றினால் சூடு உண்மையிலேயே குறையுமா, இல்லை குறைந்த மாதிரி தோன்றுமா? தோன்றினாலும் எனக்குச் சரிதான். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஆழ்வார்குறிச்சி_வாத்தியார்

இரண்டையும் முதலில் பிரித்துவிடுவோம் அம்மா. வெயில் நேராக விழுகிற இடத்தில் நிறம் உண்மையான சூட்டை மாற்றும். வெயில் எட்டாத இடத்தில் மாற்றாது.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1761இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதைச் சொல்கிறார். வெவ்வேறு நிறத் துணித் துண்டுகளை வெயில் அடிக்கும் நாளில் உறைபனி மேல் போட்டு வைத்தார். கறுப்புத் துண்டு பனியை உருக்கிக்கொண்டு ஆழமாக இறங்கியிருந்தது. வெள்ளைத் துண்டு போட்ட இடத்திலேயே கிடந்தது. கறுப்பு வெயிலை வாங்கிக்கொள்கிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது.

உங்கள் அறையில் வெயில் விழுவது இரண்டு இடத்தில்: மேலே மட்டப்பா, அதாவது மொட்டை மாடித் தளம்; வெளியே மேற்குச் சுவர். பகல் முழுக்கக் கான்கிரீட்டும் செங்கல்லும் வாங்கி வைத்த சூடு மெதுவாக உள்பக்கம் வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். ராத்திரி பத்து மணிக்குச் சுவர் சுடுவது அதனால்தான். உள்சுவரில் நீலம் அடித்தாலும் ஆரஞ்சு அடித்தாலும் அந்தச் சூட்டுக்குத் தெரியவே போவதில்லை.

கொக்கிரகுளம்

வாத்தியார் சொல்வது புத்தகத்துக்குச் சரி. எங்கள் வீட்டில் ஹாலுக்கு நீலம் அடித்த பிறகு உள்ளே நுழைந்தாலே குளுகுளு என்று இருக்கிறது. வருகிற ஆட்கள் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். அத்தனை பேருக்கும் பொய்யாகவா தோன்றும்?

ரதவீதி_பைக்கடை

எனக்குச் சூட்டைப் பற்றித் தெரியாது, கனத்தைப் பற்றித் தெரியும். டவுனில் பை, சூட்கேஸ் வியாபாரம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், கறுப்பிலும் வருகிறது, வெளிர் ஆகாய நீலத்திலும் வருகிறது. இரண்டையும் தராசில் வைத்தால் ஒரே எடைதான். மேல் தட்டில் இருக்கும்போது பார்க்கிறவர்கள் கறுப்பைக் காட்டி, "அது ரொம்பக் கனமா இருக்குமே அண்ணாச்சி, அந்த நீலத்தை எடுங்க" என்பார்கள். வயதானவர்கள் அநேகமாக எல்லாருமே அப்படித்தான். ஆனால் இரண்டையும் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு மாறிவிடுகிறது. "கறுப்பு அப்படி ஒண்ணும் கனம் இல்லையே" என்கிறார்கள். சில பேர் கறுப்புதான் லேசு என்று அதையே வாங்கிப் போகிறார்கள். இது ஏன் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கருக்கல்

பைக்கடை அண்ணாச்சி, நீங்கள் கடையில் பார்த்ததை ஆராய்ச்சிக்காரர்கள் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். நான் உளவியல் படிக்கிறேன், இந்த விஷயத்தில் எனக்குத் தீராத ஆர்வம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்குக் கனம் உண்டா என்று 1907இலேயே பிரிட்டனில் எட்வர்ட் புல்லோ என்பவர் ஆராய்ந்தார். 1926இல் அமெரிக்காவில் வார்டன், ஃபிளின் இருவரும் பார்வைக்கு மட்டும் காட்டிக் கேட்டபோது கறுப்பு மிகக் கனமாகவும் வெள்ளை மிக லேசாகவும் தெரிந்தது. தட்டில் இருக்கும் பையைப் பார்த்து உங்கள் வாடிக்கையாளர் சொல்வது இதுதான். 2010இல் பீட்டர் வாக்கரும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டினார்கள். அடர்ந்த நிறப் பொருள் கண்ணுக்குக் கனமாகத் தெரியும், ஆனால் தூக்கினால், எடை ஒன்றாக இருக்கும்போது, கைக்கு லேசாகத் தோன்றும். அவர்கள் கணக்கில் சிவப்பா நீலமா என்பதைவிட வெளிச்சமா அடர்த்தியா என்பதுதான் பெரிது.

காரணம் இப்படிச் சொல்லப்படுகிறது. தூக்குவதற்கு முன்னாலேயே மனம் ஒரு எடையை எதிர்பார்த்துவிடுகிறது. கறுப்பைப் பார்த்துக் கனத்தை எதிர்பார்த்த கைக்கு, கிடைத்த எடை குறைச்சலாகப் படுகிறது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மனம் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதன் அண்ணன் ஒன்று உண்டு. 1891இல் ஷார்ப்பாந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியது அது. ஒரே எடையுள்ள பெரிய பொருளும் சின்னப் பொருளும் இருந்தால், தூக்கிப் பார்க்கிற அநேகமாக எல்லாருக்கும் சின்னதுதான் கனமாகத் தோன்றும். எடை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாலும் அப்படியே தோன்றும்.

இப்போது செல்வி அக்கா கேட்ட சூட்டுக்கு வருகிறேன். இதிலும் கண் ஒன்று சொல்கிறது, கை வேறு சொல்கிறது. பிரான்சில் ஒரே காப்பியை நான்கு நிறக் கோப்பைகளில் கொடுத்து எது சூடு என்று கேட்டார்கள். சிவப்புக் கோப்பையைச் சொன்னவர்கள்தான் அதிகம், நீலத்தைச் சொன்னவர்கள் குறைவு. எல்லாரும் நினைக்கிற மாதிரிதான். ஆனால் 2014இல் ஜப்பானில் ஹ்சின்-நீ ஹோவும் கூட்டாளிகளும் நிறப் பரப்பின் மேல் நேராகக் கையை வைக்கச் சொன்னார்கள். முடிவு தலைகீழ். சிவப்புப் பொருள் சூடாக உணரப்படுவதற்கு நீலத்தைவிடக் கூடுதல் வெப்பம் தேவைப்பட்டது. அதாவது ஒரே வெப்பத்தில் இருக்கும்போது நீலத்தைத்தான் சூடு என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். சிவப்பிடம் சூட்டை எதிர்பார்த்துக் கை வைத்தவருக்குக் கிடைத்தது போதவில்லை. கறுப்புப் பையில் நடந்தது அப்படியே இங்கேயும் நடக்கிறது. அதே சோதனையில் பொருளை விட்டுவிட்டுக் கையின் நிறத்தை மாற்றியபோது விளைவும் எதிர்ப்பக்கம் திரும்பியது.

கொக்கிரகுளத்து அண்ணனுக்கு: உங்களுக்குத் தோன்றுவது பொய் இல்லை. அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. டென்மார்க்கில் ஃபாங்கர் குழுவினர் 1977இல் ஒரு அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, ஒரு தடவை அடர் சிவப்பு வெளிச்சம், ஒரு தடவை அடர் நீல வெளிச்சம் கொடுத்தார்கள். எந்த வெப்பநிலை சுகமாக இருக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொன்னார்கள். சிவப்பில் இருந்தபோது 0.4 டிகிரி குறைவாகக் கேட்டார்கள். அவ்வளவுதான். நடைமுறைக்கு இது மிகச் சின்ன வித்தியாசம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள்.

ஆழ்வார்குறிச்சி_வாத்தியார்

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. ஒன்று சேர்க்கிறேன். நம் தோல் வெப்பமானி மாதிரி டிகிரியைப் படிப்பதில்லை. சூடு உள்ளே வருகிறதா வெளியே போகிறதா, எவ்வளவு வேகமாக என்பதைத்தான் முக்கியமாக உணர்கிறது. விடியற்காலையில் பத்தமடைப் பாயும் பக்கத்தில் இருக்கும் தரை டைல்ஸும் ஒரே வெப்பத்தில்தான் கிடக்கின்றன. காலை வைத்தால் டைல்ஸ் சில்லென்று இருக்கும், பாய் இருக்காது. டைல்ஸ் காலில் உள்ள சூட்டை விரைவாக இழுத்துக்கொள்கிறது. தோலின் கணக்கே இப்படி இருக்கும்போது, அதில் நிறம் நுழைந்து கொஞ்சம் இழுப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் 0.4 டிகிரியை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வெயிலோடு மல்லுக்கு நிற்க முடியாது. மே மாதம் 38, 39 டிகிரி இங்கே சர்வ சாதாரணம்.

அரிசிமில்_கணக்கு

லோடுமேன் அண்ணன்மாரோடு தினமும் பழகுகிறவன் நான். வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு என்றால் முகம் மலர்ந்து தூக்குவார்கள், பழுப்புச் சணல் சாக்கு என்றால் முனகுவார்கள். இதையும் நிறத்தில் சேர்த்துவிடாதீர்கள். சணல் சாக்கு மட்டுமே அரைக் கிலோ சுமாருக்கு வரும். பிளாஸ்டிக் சாக்கு நூற்றுச் சொச்சம் கிராம்தான். மழைக்காலத்தில் சணல் ஈரம் குடித்து இன்னும் ஏறும். சணல் முதுகில் உறுத்தும், பிளாஸ்டிக் வழுக்கும். இதெல்லாம் நிஜமான வித்தியாசம்.

ஏதோ ஒரு தொழிற்சாலையில் கறுப்புப் பெட்டி தூக்கியவர்கள் முதுகு வலிக்கிறது என்றார்களாம், முதலாளி பெட்டிக்கு வெளிர் பச்சை அடித்ததும் லேசாகிவிட்டதாம் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதைச் சொல்லி எங்கள் ஆட்களிடம் கூடுதல் சுமை ஏற்றப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பி, அது உண்மையா?

கருக்கல்

அந்தக் கதை எந்த ஊர், எந்த வருஷம் என்று இல்லாமலேதான் புத்தகத்துக்குப் புத்தகம் போகிறது அண்ணாச்சி. நான் மேலே சொன்ன சோதனைகளோடு அது பாதிதான் ஒத்துப்போகிறது. பார்க்கும்போது வெளிர் பச்சை லேசாகத் தெரியும், சரி. தூக்கிய பிறகு விளைவு எதிர்ப்பக்கம் அல்லவா போக வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. 2000இல் ஃபிளானகன், பெல்ட்ஸ்னர் இருவரும் ஒரே எடையுள்ள சின்னப் பெட்டியையும் பெரிய பெட்டியையும் திரும்பத் திரும்பத் தூக்க வைத்து, விரல் கொடுக்கிற விசையை அளந்தார்கள். சில தடவை தூக்கியதும் விரல்கள் சரியான விசையைக் கற்றுக்கொண்டன. மனதுக்கு மட்டும் சின்னப் பெட்டி கனமாகவே தோன்றிக்கொண்டிருந்தது. ஆக, தோற்றம் ஒரு வழியில் போகிறது, தசை தன் வேலையை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறது. நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவரின் இடுப்புக்கும் முட்டிக்கும் ஐம்பது கிலோ என்றால் ஐம்பது கிலோதான், சாக்கு எந்த நிறமாக இருந்தாலும். நிறத்தைக் காட்டிச் சுமை கூட்டுவது அநியாயம். நீங்கள் தடுத்தது நல்லது.

அரிசிமில்_கணக்கு

இது போதும் தம்பி. நாளைக்கு மில்லில் சொல்வதற்கு ஒரு பதில் கிடைத்தது.

மேலப்பாளையத்தாள்

கறுப்பு வெயிலை வாங்கும் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். நாங்கள் கறுப்பு பர்தாவோடு பஜாருக்குப் போகிறோம், வருகிறோம். ஊர்க்காரர்கள் பாவப்படுகிற அளவுக்கு எனக்குக் கஷ்டம் தெரிந்ததில்லை. தளர்வாக, மெல்லிய துணியில் தைத்தது என்றால் நடக்கும்போது உள்ளே காற்று ஓடும். நைலான் மாதிரி ஒட்டுகிற துணியில் இறுக்கமாகத் தைத்தால் வெள்ளையாக இருந்தாலும் வேகும். இதற்கும் ஆராய்ச்சி உண்டா?

ஆழ்வார்குறிச்சி_வாத்தியார்

உண்டு அம்மா, 1980இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. பாலைவனத்தில் பதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. நெகேவ் பாலைவனத்தில் மதிய வெயிலில் ஆளை நிறுத்தி, கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி இரண்டிலும் அளந்தார்கள். கறுப்புத் துணி கூடுதலாகச் சூடேறியது. ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலை எட்டுவதற்குள் அங்கிக்குள் ஓடும் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. உடம்புக்கு வந்து சேர்ந்த சூடு இரண்டிலும் ஒன்றுதான். நீங்கள் அனுபவத்தில் சொன்னது முழுக்கச் சரி. நடுவில் காற்று ஓட இடம் இருந்தால் நிறத்தின் வேலை குறைந்துவிடும்.

கொக்கிரகுளம்

சரி, நிறத்தை விடுங்கள். கடையில் எல்இடி பல்பு கேட்டால் வார்ம் ஒயிட்டா கூல் டேலைட்டா என்கிறார்கள். அட்டையில் வார்முக்கு 2700, கூலுக்கு 6500 என்று போட்டிருக்கிறது. குளிர்ச்சிக்கு எப்படிப் பெரிய எண்?

ஆழ்வார்குறிச்சி_வாத்தியார்

நல்ல கேள்வி. அது கெல்வின் கணக்கு, டிகிரி மாதிரி வெப்பநிலையை அளக்கிற ஒரு அலகு. ஒரு பொருளைச் சுடவைத்துக்கொண்டே போனால் முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, கடைசியில் நீலம் கலந்த வெள்ளை. கொல்லன் பட்டறையில் வெள்ளை வரைக்கும் பார்க்கலாம். 2700 கெல்வின் சூட்டில் ஒளிர்வது மஞ்சள் கலந்த வெளிச்சம், 6500இல் ஒளிர்வது நீலம் கலந்த வெளிச்சம். இயற்கையில் நீலம்தான் கூடுதல் சூடு. மார்கழி ராத்திரியில் கிழக்கே பாருங்கள். திருவாதிரை நட்சத்திரம் செக்கச்சிவந்து இருக்கும், அதன் மேற்பரப்பு சுமார் 3500 கெல்வின்தான். அதே கூட்டத்தில் வெளிறிய நீலமாக மின்னுகிற ரைஜல் 12,000 கெல்வின் அளவில் கொதிக்கிறது. நாம் அன்றாடம் பார்த்த நெருப்பு சிவப்பு, பார்த்த தண்ணீரும் வானமும் நீலம். அதனால் மனம் சிவப்பைச் சூடு என்றும் நீலத்தைக் குளிர்ச்சி என்றும் பழகிக்கொண்டது.

எல்இடி பல்பு அந்த வெளிச்சத்தின் நிறத்தை மட்டும்தான் தருகிறது. வாட் ஒன்றாக இருந்தால் இரண்டு பல்பும் அறைக்குக் கொடுக்கிற சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தென்காசிச்_சாரல்

செல்வி அக்கா, மட்டப்பாவுக்கு வெள்ளை அடிக்கிற வேலையை நாங்கள் வருஷா வருஷம் பங்குனியில் செய்கிறோம், அதனால் சொல்கிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி முந்தின நாளே தண்ணீரில் ஊற வையுங்கள். ஊறும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்பு டிரம் நல்லது. மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்துக் கலக்குங்கள். மட்டப்பாவைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயும் முன், சாயங்காலமாகப் பார்த்து அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஒரு கோட் காய்ந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு கோட்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் பாசி ஏறிக் கறுத்துவிடும். பாளையில் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது, ஆனால் தூசி படியும். கறுத்த சுண்ணாம்பால் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, கொத்தனார் வெள்ளை எடுப்பாகத் தெரிய நீலப்பொடி கலக்கச் சொல்வார். மட்டப்பாவுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். வாத்தியார் சொல்லட்டும்.

ஆழ்வார்குறிச்சி_வாத்தியார்

வேண்டாம்தான். நீலப்பொடி சுண்ணாம்பில் உள்ள லேசான மஞ்சள் சாயலை விழுங்குகிறது. விழுங்குவதால் மொத்த வெளிச்சம் இம்மியளவு குறைகிறது, கண்ணுக்கோ கூடுதல் வெள்ளையாகத் தெரிகிறது. மட்டப்பாவை யாரும் நின்று ரசிக்கப் போவதில்லை, வெறும் சுண்ணாம்பே போதும். புதிதாக அடித்த வெள்ளை, விழுகிற வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். பழைய சாம்பல் சிமெண்ட் மூன்றில் ஒரு பங்கு அனுப்பினாலே பெரிது.

பெயிண்ட் கடையில் நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். சிவப்புக்கு அப்பால், எதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் சூடு ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. நம் மேல் விழுகிற வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதி. ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பச்சை பெயிண்டில் ஒன்று அதைத் திருப்பி அனுப்பலாம், இன்னொன்று முழுங்கலாம்.

பாளை_செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். மட்டப்பாவுக்குச் சுண்ணாம்பு, வெளியே மேற்குச் சுவருக்கு வெள்ளை என்று முடிவாகிவிட்டது. உள்ளே இளநீலமும் அடிக்கிறோம். மகளுக்குப் பிடித்திருக்கிறது, 0.4 டிகிரி மாதிரி தோன்றினால் அதுவும் வரட்டும். இன்னொரு சின்ன சந்தேகம். காருகுறிச்சிப் பானை வாங்கும்போது கறுப்புப் பானையில்தான் தண்ணீர் குளிரும் என்கிறார்கள். வாங்கலாமா?

கருக்கல்

நிழலில் வைக்கிற பானைக்கு நிறம் கணக்கே இல்லை அக்கா. நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகிறது, அதனால் குளிர்கிறது. சூளையில் காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் கறுப்பு, காற்றோட்டமாகச் சுட்டால் சிவப்பு. தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் வேர்க்கிறதா என்று பாருங்கள். வேர்க்கிற பானையை வாங்குங்கள்.

தறிச்சத்தம்

வீரவநல்லூரில் தறி போட்டிருக்கிறோம். கூரை தகரம். புதிதாகப் போட்டபோது கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று நம்பினோம். இப்போது மங்கிவிட்டது, ஆனால் புதிதாக இருந்தபோதே மதியம் தறிக்குழியில் உட்கார முடியவில்லை. இதற்கும் சுண்ணாம்பு அடிக்கலாமா?

ஆழ்வார்குறிச்சி_வாத்தியார்

தகரத்தில் சுண்ணாம்பு ஒட்டாது, வெயிலில் விரிந்து சுருங்கும்போது செதில் செதிலாகப் போய்விடும். துரு, தூசியைச் சுரண்டிவிட்டு, தகரத்துக்கு உரிய பிரைமர் ஒரு கோட், மேலே வெள்ளை அக்ரிலிக் இரண்டு கோட் அடியுங்கள். வெறும் பளபளப்புத் தகரம் வெயிலை ஓரளவு திருப்பி அனுப்பினாலும், வாங்கின சூட்டை வானத்துக்கு உமிழ்ந்து விடாமல் வைத்துக்கொள்ளும். அதனால்தான் புதுத் தகரமும் தொட்டால் சுடுகிறது. வெள்ளை பெயிண்ட் திருப்பியும் அனுப்பும், வாங்கிய கொஞ்சத்தை நன்றாக உமிழவும் செய்யும். பெயிண்டுக்கு இப்போது காசு இல்லை என்றால், இந்தக் கோடைக்குத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். ஆடிக் காற்றுக்கு முன்னால் கட்டை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.